செவ்வாய், வியாழன், சனி

உங்க வாட்ச் மூணு நிமிஷம் முந்துது சார். தப்பா எடுத்துக்காதீங்க. பாக்கணும்னு பாக்கல, கண்ணு தானாப் போயிருது. கும்பகோணத்துல ஏறினப்பவே பாத்துட்டேன். சொல்லலாமா வேணாமான்னு நாச்சியார்கோயில் வரைக்கும் வாயைக் கட்டிக்கிட்டு வந்தேன், முடியல. தொழில் அப்படி. பக்கிரிசாமின்னு பேரு, கடிகார ரிப்பேரு. கைக்கடிகாரம் பாக்கறதில்லை, அதுக்கு ஊரெல்லாம் ஆள் இருக்கு. நான் பாக்கறது பெரிசு. சுவர்க் கடிகாரம், மேஜைக் கடிகாரம், அப்புறம் ஆளுயரத்துக்கு ஒரு மரப்பெட்டிக்குள்ள நிக்குமே, கீழ பெண்டுலம் ஆடிக்கிட்டு, அது. பழைய பங்களாவுல பாத்திருப்பீங்க. தஞ்சாவூர் ஜில்லாவுல அதைப் பிரிச்சு மறுபடி ஒழுங்காப் பூட்டத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்னு மத்தவங்க சொல்றாங்க. நான் சொல்றதில்லை.

நீங்க எங்க இறங்கணும்? திருவாரூரா? நல்லது, நேரம் இருக்கு. நான் நாகப்பட்டினம். மச்சான் வீட்டுக்கு. பொண்டாட்டியைக் கூட்டிட்டு வரப் போறேன். அட, நீங்க ஏன் சார் சங்கடப்படறீங்க? இந்த வயசுல பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போனா வெளிய சொல்லக் கூடாதுதான். ஆனா கோவம் என்னன்னு தெரிஞ்சா சொல்லாம இருக்கலாம். எனக்கே தெரியல, அதான் கண்டவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கேன். நீங்களாவது கேட்டுட்டு ஒரு முடிவு சொல்லுங்க. தூங்கறதுன்னா தூங்குங்க, கண்ணை மூடிக்கிட்டே கேளுங்க.

அவ பேரு நீலாயதாட்சி. நாகப்பட்டினத்துக்காரின்னு பேர்லயே தெரியும், அந்த ஊரு அம்மன் பேரு. நீலான்னு கூப்பிடுவேன். பாட்டு வாத்தியார். அவங்க பரம்பரையே நாதஸ்வரம், தவுல்னு போகும். மச்சான் சட்டநாதன் இன்னிக்கும் கோயில்ல வாசிக்கிறாரு. இவ வீட்டு ஹால்ல வகுப்பு எடுக்கறா. சின்னப் பிள்ளைங்க இல்ல, பொம்பளைங்க. சின்ன வயசுல பாட்டுக் கத்துக்க ஆசைப்பட்டு நடக்காமப் போச்சுன்னு இருப்பாங்கல்ல, அவங்க அஞ்சாறு பேர். போஸ்ட் ஆபீஸ்ல இருக்கிற அமிர்தவல்லி அம்மா, பேங்க்ல ஒரு அம்மா, இப்படி. செவ்வாய், வியாழன், சனி. நாலு மணியிலேருந்து அஞ்சரை வரைக்கும். அந்த நேரத்துல நான் வீட்டுப் பக்கம் போறதே இல்ல. "நீங்க இருந்தா அவங்க கூச்சப்படறாங்க"ன்னு சொன்னா. நியாயம்தான். கடையை விட்டு ஏழரைக்கு மேலதான் கிளம்புவேன். நான் ஒரு தொந்தரவும் குடுக்கறவன் இல்ல சார். அதை முதல்ல மனசுல வெச்சுக்கங்க.

இப்ப வர்றேன் விஷயத்துக்கு. பாபநாசத்துப் பக்கம் ஒரு ரைஸ் மில் முதலாளி. அவங்க தாத்தா வாங்கிப் போட்ட ஆளுயரக் கடிகாரம் ஒண்ணு, நெல்லு மூட்டைக்குப் பின்னால கிடந்துச்சு. தூசி, எலிப் புழுக்கை, உள்ள எண்ணெய் எல்லாம் கோந்தாட்டம் இறுகிப் போயிருக்கு. "புது வீட்டுக்குப் போகுது, என்ன செலவானாலும் சரி, ஓடணும், பாடணும்"னாரு. பாடணும்னா நெஜமாவே பாடும் சார். உள்ள எட்டு பித்தளைக் குழாய் தொங்கும். கால் மணிக்குக் கொஞ்சம் பாடும், அரை மணிக்கு அதுக்கு மேல, முக்காலுக்கு இன்னும் மேல, முழு மணிக்கு மொத்தப் பாட்டையும் பாடிட்டு அப்புறம்தான் மணி அடிக்கும். அந்த மாதிரி ஒண்ணு கைக்கு வர்றது ஒரு ஜென்மத்துல ஒரு தடவை.

கடையில வைக்க முடியாது. என் கடை மாடிப்படிக்குக் கீழ, நானே குனிஞ்சுதான் நிப்பேன். அதுவுமில்லாம வாசல்ல பஸ் போறப்ப தரை அதிரும். இந்தக் கடிகாரம் நிக்கிற தரை அசையவே கூடாது. அதனால வீட்டு ஹால்ல, மூலையில நிறுத்தினேன். அந்த மூலையில அவ தம்புரா இருந்துச்சு. அதைத் தூக்கி பீரோவுக்குப் பக்கத்துல பத்திரமா வெச்சேன். துணி போட்டு மூடித்தான் வெச்சேன் சார், சும்மா வைக்கல.

பிரிச்சுக் கழுவி, தேஞ்ச ஓட்டைக்கெல்லாம் புஷ்ஷுன்னு ஒரு குட்டிப் பித்தளை வளையம் போட்டு, பூட்டி, மூணு எடைக்குண்டையும் தொங்கவிட்டேன். பெண்டுலத்தை ஒரு தள்ளு தள்ளினேன் பாருங்க. டிக், டாக், டிக், டாக். நாங்க இதை நடைன்னு சொல்லுவோம். ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி ஒரே மாதிரி விழணும். ஒரு பக்கம் இழுத்தா நொண்டி நடை, ரொம்ப நாள் ஓடாது. இது அளந்து வெச்ச மாதிரி விழுந்துச்சு. முதல் தடவை நாலு மணிக்குப் பாடினப்ப எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. திரும்பிப் பாக்கறேன், இவ கையில கரண்டியோட நிக்கறா. "எப்படி?"ன்னேன். என்ன சொன்னா தெரியுமா? "சுருதி சேரலைங்க"ன்னா.

என் சுருதி அஞ்சு கட்டை, இது அஞ்சுக்கும் அஞ்சரைக்கும் நடுவுல எங்கயோ நிக்குதுன்னா. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. பொறுமையாத்தான் சொன்னேன். "இந்தாம்மா, அது குழாயோட சுபாவம். அராவினா மாறும், ஆனா ஒரிஜினலை அராவக் கூடாது. உன் சுருதிப் பெட்டியில திருகு இருக்குல்ல, நீ கொஞ்சம் ஏத்தி வெச்சுக்கயேன்." நல்ல யோசனைதானே? ஒரு பைசா செலவில்லை. அவ கரண்டியோட உள்ள போயிட்டா. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னு நினைச்சுக்கிட்டேன். வாய் விட்டுச் சொல்லல.

அப்புறம் ஒரு நாள் வந்து, "பாட்டை நிறுத்த வழியே இல்லையா?"ன்னா. வழி இருக்கு. முகத்துல, மூணு மணிக்குப் பக்கத்துல ஒரு குட்டி முள்ளு இருக்கும். இந்தப் பக்கம் தள்ளினா பாடும், அந்தப் பக்கம் தள்ளினா வாயை மூடிக்கும். கடிகாரம் பாட்டுக்கு ஓடும். ஆனா அது வர்றப்பவே உடைஞ்சு வந்துச்சு. இதோ பாருங்க, சட்டைப் பையில பொட்டலம் கட்டி வெச்சிருக்கேன். ஈயம் வெச்சு ஒட்டிப் பின்னால ஒரு ஆணி மாட்டணும், அரை மணி வேலை. "அதைச் சரி பண்ணிடுங்களேன்"ன்னா. "பண்ணிடலாம், ஆனா அது கடைசி. முதல்ல ஓட்டம் நிலைக்கணும்"னேன். மறுபடி ஒரு தடவை கேட்டா. மறுபடியும் அதையே சொன்னேன். தொழில்ல ஒரு வரிசை இருக்கு சார். கூரை போடறதுக்கு முன்னாடி யாராவது திரைச்சீலை மாட்டுவாங்களா?

அப்பத்தான் சனியன் ஆரம்பிச்சுது.

கடிகாரம் பின்தங்குது. நிமிஷம் ரெண்டு நிமிஷம் இல்ல சார், ஒண்ணரை மணி நேரம்! எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து பாத்தா ஆறரைன்னு காட்டிக்கிட்டு ஜம்முன்னு ஓடிட்டு இருக்கும். நின்னு கிடந்தா ஒரு காரணம் கண்டுபிடிக்கலாம். நிக்கல. ஓடுது. நடை பிசகல. காதை வெச்சுக் கேட்டா அளந்து வெச்ச மாதிரி விழுது. ஆனா ஒண்ணரை மணி நேரத்தைக் காணோம். எங்க போச்சு? யாரு தின்னா?

தினமும் வந்தாலும் பரவால்ல. அதுலயும் ஒரு கிறுக்கு. ஞாயித்துக்கிழமை முழுக்க எதிர்ல உக்காந்திருப்பேன், ஒரு செகண்டு பிசகாது. திங்கள் பிசகாது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பின்தங்கும். புதன் ஒழுங்கா ஓடும். வியாழன் போச்சு. வெள்ளி சரி. சனி போச்சு. இப்படி ஒரு கோளாறை நான் கேள்விப்பட்டதே இல்ல. மெட்ராஸ்ல ஒரு பெரிய மெக்கானிக்குக்குப் போன் போட்டுக் கேட்டேன், அவரும் கேள்விப்பட்டதில்லையாம். "உங்க வீட்டுல யாராவது..."ன்னு என்னமோ ஆரம்பிச்சாரு, நான் ஈரப்பதத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சதும் வெச்சிட்டாரு.

என்னென்ன பண்ணேன் தெரியுமா? பெட்டியைச் சுவத்தோட இறுக்கினேன். மணல் லாரி போற அதிர்ச்சியா இருக்கும்னு முனிசிபாலிட்டிக்குப் போய்ச் சண்டை போட்டேன். பல்லி உள்ள போய் பெண்டுலத்துல உக்காருதோன்னு மயிலிறகு வெச்சேன். கடைசியா வெட்கத்தை விட்டு ஜோசியர்கிட்டயே போனேன். அவரு சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் நல்லாத்தான் காரணம் சொன்னாரு. சனி பகவான் சேட்டை பண்றாரு, ஒத்துக்கறேன். செவ்வாய் பண்றாரு, அதையும் ஒத்துக்கறேன். நடுவுல குரு பகவான் எங்கங்க வந்தாரு? அவரு நல்லவராச்சே!

அவ தொட்டிருப்பாளோன்னு எனக்கும் சந்தேகம் வராம இல்ல சார். நான் ஒண்ணும் முட்டாள் இல்ல. வந்த முதல் நாளே கண்டிஷனா சொல்லி வெச்சிருந்தேன். "நீலா, முள்ளை மட்டும் தொட்டுராத. இந்தக் கடிகாரத்துக்கு முள்ளை இஷ்டத்துக்குத் திருப்பினா பாட்டு வேற மணி வேறன்னு ஆயிடும். தூசி தட்டறப்ப பெண்டுலம் நின்னுட்டா பரவால்ல, விரலால ஒரு தள்ளு, இப்படி மெதுவா, தள்ளி விட்டா ஓடிடும். அது போதும்"னு நானே கையைப் புடிச்சுக் காட்டிக் குடுத்தேன். அப்புறம் கேட்டேன், நேராவே கேட்டேன். "முள்ளைத் தொட்டியா?" "சத்தியமாத் தொடல"ன்னா. நீலா பொய் சொல்ல மாட்டா. அது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும். விட்டுட்டேன்.

பின்தங்கின கடிகாரத்தைச் சரி பண்றது எப்படின்னு நினைக்கிறீங்க? பர்ர்ருன்னு முள்ளைச் சுத்த முடியாது. ஒவ்வொரு காலுக்கும் நிறுத்தி, அது பாடி முடிக்கிற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். ஒண்ணரை மணி நேரத்துக்கு ஆறு பாட்டு. வாரத்துல மூணு நாள் நான் கடை விட்டு வந்து சாப்பிடக் கூட உக்காராம ஆறு பாட்டையும் வரிசையாப் பாட வெச்சுக் கேட்டுட்டுத்தான் கை கழுவுவேன். இவ சரியா அந்த நேரம் பாத்து மிக்சியைப் போடுவா. மனுஷன் உயிரைக் குடுத்து வேலை பாக்கறான், இவளுக்குச் சட்னி அரைக்க வேற நேரமே கிடைக்கல.

ஆறு தடவை பிரிச்சேன் சார். ஹால் தரை பூரா பேப்பரை விரிச்சு, பல்சக்கரம் பல்சக்கரமா எடுத்து வெச்சு, ஒவ்வொரு பல்லையும் லென்ஸ் வெச்சுப் பாப்பேன். அவ காப்பி கொண்டு வந்து பக்கத்துல வெச்சுட்டு அப்படியே நிப்பா. "என்ன?"ன்னா, "ஒண்ணுமில்லைங்க, காப்பி ஆறிடப் போகுது"ம்பா. ஒரு தடவை மட்டும் கேட்டா: "இது போக இன்னும் எத்தனை நாள் ஆகும்?" நான் என்ன சொல்றது? "கோளாறு தெரியாம எப்படிம்மா வெளிய அனுப்புவேன்? என் பேரு என்ன ஆகறது? இந்தக் கோளாறு இருக்கிற வரைக்கும் இது இங்கதான் நிக்கும்"னேன். அப்ப அவ முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. என் கஷ்டத்தைப் பாத்து மனசு கேக்கலைபோலன்னு நினைச்சேன்.

குடவாசல் வந்துருச்சா? டீ குடிக்கிறீங்களா? வேணாமா? சரி.

மில்லுக்காரரு நெருக்கறாரு. புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் வருது. நவராத்திரியும் வருது. நவராத்திரியில கும்பேஸ்வரன் கோயில்ல ஒரு சாயங்காலம் இவ பொம்பளைங்களுக்குப் பாட இடம் குடுத்திருந்தாங்க. முதல் தடவை மேடை. அதுக்கு ஒரே தடபுடல். எனக்கும் சந்தோஷம்தான், நான் ஒண்ணும் குறுக்க நிக்கல. ஒரு புதன்கிழமை கடைசி ஆயுதமா சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கையே மாத்தினேன். பெண்டுலம் எதுல தொங்குதோ அந்த மெல்லிசுத் தகடு, பிளேடு மாதிரி இருக்கும். அதுல கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தாலும் இருக்கலாம். மாத்திட்டு, மறுநாள் வியாழக்கிழமை, இனிமே கூச்சமாவது ஒண்ணாவதுன்னு கடையைச் சாத்திட்டு மூணரை மணிக்கே வீட்டுக்கு வந்துட்டேன். ஸ்டூலைப் போட்டுக் கடிகாரத்துக்கு நேரா உக்காந்தேன். கையில ஸ்டாப் வாட்ச், டார்ச். பொம்பளைங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் உக்காந்தேன், மரியாதையா.

இவ என்னையே பாத்துக்கிட்டு நின்னா. "வகுப்பு இருக்குங்க"ன்னா. "நடத்து, நடத்து, நான் இருக்கிறதா நினைக்காத"ன்னேன். "கோயில்ல பாடறதுக்கு முன்னாடி இன்னிக்குத்தாங்க கடைசி வகுப்பு"ன்னா. "எனக்கும் இதுதாம்மா கடைசி"ன்னேன்.

நாலு அடிச்சுது. பாட்டு முழுசா, அப்புறம் நாலு மணி. அவங்க காத்திருந்து ஆரம்பிச்சாங்க. கால் மணிக்குக் கடிகாரம் பாடிச்சு, நிறுத்தினாங்க. மறுபடி ஆரம்பிச்சாங்க. எனக்கு நடை கேக்கல சார், அத்தனை பேர் சத்தத்துல எப்படிக் கேக்கும்? திரும்பாமலே கையை மட்டும் தூக்கி, "கொஞ்சம் மெதுவாப் பாடுங்கம்மா, டிக்கு கேக்கல"ன்னேன். மெதுவாப் பாடினாங்க. நல்லவங்க. அரை மணிக்கு அது பாடறப்ப அமிர்தவல்லி அம்மா இழுத்துக்கிட்டு இருந்த சுரம் அப்படியே வழுக்கிக் கடிகாரத்தோட சுருதிக்குப் போயிருச்சு. அவங்களுக்கே சிரிப்பு வந்துருச்சு. "சார், உங்க கடிகாரத்துக்கு வழக்கம் போல லீவு குடுத்துட வேண்டியதுதானே?"ன்னாங்க. போஸ்ட் ஆபீஸ்காரங்களுக்கு எப்பவும் லீவு நினைப்புதான். எல்லாரும் சிரிச்சாங்க. நீலா மட்டும் சிரிக்கல. முக்காலுக்கு மறுபடி. அஞ்சுக்கு மறுபடி. அதுக்கப்புறம் பாட்டே கேக்கல. திரும்பிப் பாத்தா ஒருத்தரையும் காணோம். சுருதிப் பெட்டியை மூடிட்டு இவ தனியா உக்காந்திருக்கா.

எனக்கு அதெல்லாம் புத்தியில ஏறல சார். ஏன்னா அஞ்சரை ஆச்சு. ஸ்டாப் வாட்சைப் பாக்கறேன், கடிகாரத்தைப் பாக்கறேன், ரெண்டும் ஒண்ணு! வியாழக்கிழமை! ஒரு செகண்டு பின்தங்கல! ஸ்டூல்லேருந்து குதிச்சுட்டேன். "நீலா! சரியாயிருச்சு நீலா! ஸ்பிரிங்குதான்! நான் சொன்னேன்ல!"

அவ எந்திரிச்சா. "சரியாயிருச்சா?"ன்னா. "ஆமா"ன்னேன். "இனிமே நிக்காதா?"ன்னா. நிக்குதுன்னு நான் எப்ப சொன்னேன்? பின்தங்குதுன்னுதான் சொல்லிக்கிட்டு இருக்கேன் இத்தனை நாளா. இவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். "நிக்காது, சாகற வரைக்கும் நிக்காது"ன்னேன். "அப்ப நான்தான் நிறுத்திக்கணும்"னா. என்ன நிறுத்திக்கணும்னு சொல்லல. மறுநாள் காலையில பஸ் ஏறிட்டா. ரெண்டு நாள் அண்ணன் வீட்டுக்குப் போறவ எதுக்கு சார் தம்புராவைத் தூக்கிட்டுப் போகணும்? அதுக்கு லக்கேஜ் டிக்கெட் வேற. கோயில்ல பாடறதையும் வேணாம்னு சொல்லிட்டாளாம். அமிர்தவல்லி அம்மா தெருவுல பாத்துச் சொல்லிட்டு, முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போறாங்க. நான் என்ன பாவம் பண்ணேன்?

என் வாழ்க்கையிலேயே பெரிய ரிப்பேரை முடிச்ச அன்னிக்கு, "நல்லா பண்ணீங்க"ன்னு ஒரு வார்த்தை இல்ல. பெட்டியைக் கட்டறா. எரிச்சலா வராதா சார்? நீங்களா இருந்தா வராதா?

போனும் பண்ணிட்டேன், ஒரு தடவை இல்ல, பத்துத் தடவை. எடுப்பா. முதல் கேள்வி, "எங்கேருந்து பேசறீங்க?" "ஹால்லேருந்துதான், கடிகாரத்துக்குப் பக்கத்துல உக்காந்திருக்கேன்"பேன். நாலு வார்த்தை நல்லாப் பேசுவா, சாப்பிட்டீங்களாம்பா. பின்னால கடிகாரம் பாட ஆரம்பிக்கும், திடீர்னு கட் ஆயிரும். நாகப்பட்டினத்துல டவர் சரியில்லை. கடலோரம் பாருங்க, காத்து.

அவ போனதுலேருந்து கடிகாரம் பொன்னாட்டம் ஓடுது. செவ்வாய் இல்ல, வியாழன் இல்ல, சனி இல்ல, ஒரு நாள் பின்தங்கல. மில்லுக்காரரு ஆள் அனுப்பிட்டாரு. நான்தான் குடுக்காம வெச்சிருக்கேன், அவ வந்து அது ஓடறதை ஒரு தடவை கண்ணாலப் பாக்கட்டும்னு. அது வரைக்கும் காது குளிரக் கேக்கட்டும்னு பாட்டைப் போன்ல பதிஞ்சு எடுத்துட்டுப் போறேன். போடவா? நாலு மணிப் பாட்டு. கண்டக்டர் திட்டுவாரா? சரி, வேணாம். இப்ப சொல்லுங்க சார். இதுல என் தப்பு எங்க இருக்கு?

என்ன? வகுப்பு என்னிக்கா? ஆரம்பத்துலயே சொன்னேனே. செவ்வாய், வியாழன், சனி. நாலுலேருந்து அஞ்சரை. ஒண்ணரை மணி நேரம். ஏன் கேக்கறீங்க?

இருங்க.

இருங்க சார், பேசாதீங்க.

முள்ளைத் தொடலன்னா. நான் முள்ளைத்தானே கேட்டேன்! பெண்டுலத்தை யாரு கேட்டா? விரலை வெச்சா நின்னுரும். அஞ்சரைக்கு ஒரு தள்ளு. நானே கையைப் புடிச்சுச் சொல்லிக் குடுத்தேனே சார்! "இனிமே நிக்காதா"ன்னு கேட்டா. அந்தப் போஸ்ட் ஆபீஸ் அம்மா வழக்கம் போலன்னு சொன்னாங்க. வழக்கம் போல! அஞ்சாறு பொம்பளைங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, மெட்ராஸ்காரருக்குத் தெரிஞ்சிருக்கு, இப்ப பஸ்ல பக்கத்துல உக்காந்திருக்கிற உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

அப்ப அந்த ஸ்பிரிங்கு? அது நல்ல ஸ்பிரிங்கா? கடிகாரத்துல கோளாறே இல்லையா? முதல் நாள்லேருந்தே இல்லையா? பாத்தீங்களா, நான் முதல் தடவை பூட்டினதே சுத்தமான வேலை. ஆனா ஆறு தடவை பிரிச்சேனே! தரையில முட்டி போட்டு, கண்ணு வீங்கி... காப்பியை வெச்சுட்டுப் பாத்துக்கிட்டே நின்னாளே! இது அக்கிரமம் இல்லையா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை?

சொன்னா.

சொல்லாம என்ன. சுருதி சேரலைன்னு சொன்னா. பாட்டை நிறுத்த வழி இருக்கான்னு கேட்டா. இந்தக் குட்டி முள்ளைச் சரி பண்ணுங்கன்னு ரெண்டு தடவை கேட்டா. திருகை ஏத்தி வெச்சுக்கன்னு அவகிட்டப் போய்ச் சொன்னேன் நான், அவ அண்ணன் வீட்டு வாசல்ல போற சைக்கிள் மணிக்கே சுருதி சொல்ற குடும்பம் அது.

ஆனா சார், எனக்கு ஒண்ணுதான் புரியல. நிறுத்தினவ அப்படியே விட்டிருக்கலாம்ல? நின்னு போச்சுங்கன்னு ஒரு பொய்யைச் சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன். அவ நிம்மதியா இருந்திருப்பா. ஏன் ஒவ்வொரு தடவையும் மறுபடி ஓட விட்டா? நான் எட்டு மணிக்குச் செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடியே காதைத் தீட்டிக்கிட்டுத்தான் உள்ள வருவேன். சத்தம் கேக்கலைன்னா என் மூஞ்சி எப்படி ஆகும்னு அவளுக்குத் தெரியும். அதுக்காகவா? வகுப்பு முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் கடிகாரக் கதவைத் திறந்து, மெதுவா ஒரு தள்ளு தள்ளி, டிக்கும் டாக்கும் சரியா விழுதான்னு நின்னு கேட்டுட்டுத்தான் சாத்தியிருப்பா. ஒரு நாளும் நடை பிசகினதே இல்லையே. நான் என் கைவேலைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். அது அவ காது சார்.

என்ன இது, திருவாரூரா? தேர் தெரியுதே. நீங்க இறங்கணும்ல? ஒரே ஒரு நிமிஷம் இருங்க, பஸ் ஸ்டாண்டுல எப்படியும் நிக்கும். போன் போட்டுட்டேன். மணி அடிக்குது.

ஹலோ. நீலா? நான்தான். எங்கேருந்தா? பஸ்லேருந்து. இல்லம்மா, ஹால்ல இல்ல, நெஜமாவே பஸ்லதான். திருவாரூர். ஆமா, அங்கதான் வர்றேன். இல்ல, அதைக் கொண்டு வரல, அதை எப்படி பஸ்ல... நீலா, அந்தச் சின்ன முள்ளு இருக்குல்ல. சட்டைப் பையிலதான் வெச்சிருக்கேன். எந்த முள்ளா? நீ கேட்டியே, ரெண்டு தடவை. பாட்டை நிறுத்தற முள்ளு.

ஆமா. இப்பத்தான் தெரிஞ்சுது. பக்கத்துல ஒரு சாரு சொன்னாரு.

நீலா? இருக்கியா?

சார். சார், பையை எடுத்துக்கங்க, போயிட்டு வாங்க. மெதுவா இறங்குங்க. கட் ஆகல சார். மூச்சு மட்டும் கேக்குது. ஆனா கட் ஆகல.